யாழ்ப்பாணத்துக்கு கேம்பர் வானில் வந்தால் கழிவுத் தொட்டியை எங்கே காலி செய்வது?

கனடாவில் இருக்கும் ஒரு குடும்பத்தின் கேள்வி இது. கொழும்புப் பக்கம் ஒரு கேம்பர் வானை வாடகைக்கு எடுத்து, இரண்டு பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் வந்து ஒரு கிழமை சுற்றப் போகிறார்கள். வானுக்குள் கெசெட் வகைக் கழிப்பறை இருக்கிறது, அதாவது கழிவு கழற்றி எடுக்கக்கூடிய ஒரு பெட்டிக்குள் சேரும் வகை. ஒன்ராறியோவில் ட்ரெய்லர் இழுத்துக்கொண்டு போகும்போது டம்ப் ஸ்டேஷனில், அதாவது கழிவை ஊற்றவென்றே அமைத்த இடத்தில், காலி செய்து பழக்கம். குடாநாட்டில் அது எங்கே இருக்கிறது, என்ன பெயர் போட்டுத் தேடுவது, இல்லாவிட்டால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள்.

இல்லை. எந்தப் பெயர் போட்டுத் தேடினாலும் யாழ்ப்பாணத்தில் அப்படி ஓர் இடம் அகப்படாது. அதற்காகப் பயணத்தைக் கைவிட வேண்டியதும் இல்லை. சொந்தக்காரர் வீடு ஒன்றோ, நல்ல கெஸ்ட் ஹவுஸ் ஒன்றோ கைவசம் இருந்து, தொட்டியை எதற்குப் பயன்படுத்துவது என்பதில் கொஞ்சம் கட்டுப்பாடாகவும் இருந்தால், ஒரு கிழமையை ஒரு சொட்டுக் கழிவும் வெளியில் போகாமல் முடிக்கலாம். எப்படி என்று சொல்கிறேன். அதற்கு முன், ஏன் இவ்வளவு கவனம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வெளிநாடுகளில் இந்த ஏற்பாடு எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் ட்ரெய்லர்களுக்கென்றே டம்ப் ஸ்டேஷன் உண்டு. அமெரிக்காவில் பைலட், லவ்ஸ் போன்ற பெரிய ட்ரக் தரிப்பிடங்கள் பலவற்றில் காசு கட்டிக் காலி செய்யலாம். பிரான்சில் கேம்பிங் கார்களுக்கென்று ஊர்ச் சபைகள் நடத்தும் சேவை இடங்கள் ஏராளம். பார்க்ஃபோர்நைட் செயலியைத் திறந்தால் வரைபடத்தில் வரிசையாகக் காட்டும். அவுஸ்திரேலியாவில் விக்கிகேம்ப்ஸ் செயலி அதே வேலையைச் செய்கிறது. நியூசிலாந்து இன்னும் ஒரு படி மேலே போய், வானுக்குள் நிரந்தரமாகப் பொருத்திய கழிப்பறை இருந்தால்தான் கழிவைத் தானே வைத்திருக்கக்கூடிய வாகனம் என்று சான்றிதழ் தருவோம் என்று 2023இல் சட்டத்தை இறுக்கியது. இந்த இடங்கள் எல்லாவற்றிலும் நீங்கள் ஊற்றும் துவாரத்துக்குப் பின்னால் ஏதோ ஒன்று இருக்கிறது: ஒரு கழிவுநீர்க் குழாய், அல்லது பவுசர் வந்து உறிஞ்சிக்கொண்டு போகும் பெரிய தொட்டி, அதற்கும் அப்பால் ஒரு சுத்திகரிப்பு நிலையம்.

யாழ்ப்பாணத்தில் நகரம் முழுவதற்குமான கழிவுநீர்க் குழாய் இல்லை. ஒவ்வொரு வளவின் கழிவும் அந்த வளவுக்குள்ளேயே நிலத்துக்குப் போகிறது. அதே வளவில் பத்து இருபது மீற்றர் தள்ளிக் கிணறு.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறு மாரியில் ஓடிக் கோடையில் காய்ந்துவிடும். தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்ட பிறகும், பெரும்பாலான வீடுகளில் குளிப்பது, சமைப்பது, தோட்டத்துக்கு இறைப்பது எல்லாம் கிணற்றுத் தண்ணீரில்தான். அந்தத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கி நிற்கும் மழைத் தண்ணீர். கடல்நீருக்கு மேலே மெல்லிய நன்னீர்ப் படையாக மிதந்துகொண்டிருக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத் தண்ணீரும் இருப்பது இதனால்தான். கீரிமலையில் கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறுகிறதே, உள்ளே எங்கேயோ பெய்த மழை கல்லுக்குள் இருக்கும் வெடிப்புகள் வழியே நடந்து வந்து அங்கே வெளிப்படுகிறது. மழை அப்படி நடந்து வருமென்றால் கழிவும் வரும். மணல் நிலத்தில் தண்ணீர் மெதுவாக வடிந்து ஓரளவு சுத்தமாகும். வெடித்த சுண்ணாம்புக்கல்லில் அந்த வடிகட்டல் மிகக் குறைவு. பேரிடர் நிவாரணப் பணியாளர்கள் உலகெங்கும் கைக்கொள்ளும் ஸ்பியர் வழிகாட்டியில், கழிவுக் குழிக்கும் நிலத்தடி நீர் எடுக்கும் இடத்துக்கும் குறைந்தது 30 மீற்றர் இடைவெளி, குழியின் அடி நீர்மட்டத்துக்கு மேலே குறைந்தது 1.5 மீற்றர் என்று இருக்கிறது. வெடிப்புள்ள பாறையிலும் சுண்ணாம்புக்கல்லிலும் அந்தத் தூரத்தைக் கூட்ட வேண்டும் என்றும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். வலிகாமத்தில் ஒரு சாதாரண இரண்டு பரப்புக் காணியில் 30 மீற்றரே கிடைப்பது கஷ்டம்.

இதன் விளைவை இங்கே ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்கிறது. அதைத் தாண்டிய கிணறுகள் குடாநாட்டில் நிறைய இருக்கின்றன. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடும் உரம் ஒரு காரணம், மலக்குழிகள் இன்னொரு காரணம். பால்மாவை அந்தத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறன் குறையக்கூடும். இதற்கு மேல் சுன்னாகத்தில் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த விவகாரத்தை ஊர் இன்னும் மறக்கவில்லை. ஆகவே ஒரு வான் வந்து நின்று எதையோ தரையில் ஊற்றுவதைக் கண்டால் ஆட்கள் கோபப்படுவார்கள். கோபப்படுவதற்கு அவர்களுக்கு முழு உரிமையும் உண்டு. பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ.யிடம் முறைப்பாடு போனால் நீதிமன்றம் வரை இழுபடலாம்.

"ஆளில்லாத தரவைதானே, பனங்கூடல்தானே, ஒரு தடவைதானே" என்று யாராவது உங்களுக்குச் சொல்லக்கூடும். கேட்காதீர்கள். கடனீரேரிக்குள்ளும் வேண்டாம். இறாலும் நண்டும் பிடித்துச் சீவிக்கிறவர்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நிற்கும் இடம் அது.

சரி, இனி செய்ய வேண்டியது.

முதல் வேலை தொட்டியை நிரப்பாமல் இருப்பது. கெசெட் ஒன்று ஏறக்குறைய 20 லீற்றர் கொள்ளும். நாலு பேர் எல்லாத் தேவைக்கும் அதையே பாவித்தால் இரண்டாம் நாளே சிவப்பு விளக்கு எரியும். இரவில் சிறுநீருக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால் நாலைந்து நாள் தாங்கும், மணமும் குறைவு, காலி செய்வதும் லேசு. மற்றதற்குக் காலையில் ஒரு நல்ல கழிப்பறை இருக்கும் இடத்தில் வான் நிற்கும்படி நாளை அமைத்துக்கொள்ளுங்கள். ஏ9இல் வந்தால் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் சாப்பாட்டுக் கடைகள், பெற்றோல் செட்டுகள் இருக்கின்றன. மன்னார்ப் பக்கமாக ஏ32இல் பூநகரி வந்து சங்குப்பிட்டிப் பாலத்தால் ஏறினால் இடையில் கடைகள் குறைவு. மன்னாரிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு புறப்படுங்கள். யாழ்ப்பாண நகரத்துக்குள் வந்துவிட்டால் இது ஒரு பிரச்சினையே இல்லை. பிள்ளைகளுக்கு இந்த ஒழுங்கை முதல் நாளே சொல்லிவையுங்கள்.

அடுத்தது காலி செய்யும் இடம். ஒரு கிழமையில் ஒன்றிரண்டு தரம் வரும். என்னைக் கேட்டால், வானில் ஏழு இரவும் படுப்பதை விட்டு நடுவில் ஓர் இரவு கெஸ்ட் ஹவுஸில் தங்குங்கள். எல்லோரும் நன்றாகக் குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம், கெசெட்டையும் காலி செய்யலாம். அறை பதியும்போதே தொலைபேசியில் கேளுங்கள்: "உங்கட செப்டிக் டாங்க் சீமெந்து கட்டினதோ, இல்லாட்டிக் குழியோ?" சீமெந்தால் மூடிக் கட்டிய செப்டிக் டாங்க் என்றால் சரி. வெறும் குழி என்றால், அதுவும் கிணறு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தால், அங்கே ஊற்றாதீர்கள். வீட்டுக்காரர் சம்மதித்தாலும் வேண்டாம். சம்மதிக்கிறவர் ஒருவர், குடிக்கிறவர்கள் பக்கத்து வளவிலும் இருக்கிறார்கள்.

ஐப்பசி முதல் மார்கழி வரை வருகிறீர்கள் என்றால் இன்னும் கவனம். வடகீழ்ப் பருவ மழையில் நீர்மட்டம் மேலே ஏறி, சில இடங்களில் கிணற்றை எட்டிப் பார்த்தால் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் நிற்கும். குழிகளும் அப்படியே நிரம்பித் ததும்பும். அந்த மாதங்களில் நல்ல செப்டிக் டாங்கின் வெளிநீர் கூட வடியாமல் நிற்கும். மாரியில் வருகிறவர்கள் வானின் கழிப்பறையைப் பூட்டியே வைத்துவிட்டு, இரவு தங்குவதைக் கழிப்பறை உள்ள வளவுகளில் வைத்துக்கொள்வதுதான் நல்லது.

சொந்தக்காரர் வீடு என்றால் உரிமையோடு கேட்கலாம் என்று நினைப்பீர்கள். உரிமை இருந்தாலும் விபரமாகக் கேளுங்கள். "மாமி, வானுக்குள்ள ஒரு சின்னக் கக்கூஸ் பெட்டி இருக்கு. உங்கட கக்கூசுக்குள்ள ஊத்திப்போட்டு, நாங்களே ரண்டு வாளி தண்ணி அடிச்சுக் கழுவி விடட்டோ?" மாமி பெரும்பாலும் கேட்கப்போவது "குழி நிரம்பாதோ பிள்ளை?" என்றுதான். 20 லீற்றர் என்பது இரண்டு மூன்று தரம் ஃப்ளஷ் பண்ணுகிற தண்ணீர் அளவு, நிரம்பாது என்று சொல்லலாம். ஆனால் அவர் கேட்காத இன்னொரு கேள்வி இருக்கிறது. அதை நீங்களே சொல்ல வேண்டும்: உள்ளே என்ன மருந்து போட்டிருக்கிறது என்பது.

அந்த நீல மருந்துதான் விஷயம். பழைய வகைக் கழிப்பறை மருந்துகளில் போமல்டிகைட் இருக்கும், அதாவது போமலினில் இருக்கும் அதே சரக்கு. மணத்தை உண்டாக்கும் பக்டீரியாவைக் கொல்வதுதான் அதன் வேலை. செப்டிக் டாங்க் இயங்குவதோ முழுக்க முழுக்க பக்டீரியாவால். பெரிய சுத்திகரிப்பு நிலையத்தில் அந்த மருந்து கரைந்து காணாமல் போய்விடும். ஒரு வீட்டின் சின்ன டாங்குக்குள் கெசெட் கெசெட்டாகக் கொட்டினால் டாங்க் செத்துப்போய், செரிக்காத கழிவு அப்படியே நிலத்துக்குள் இறங்கும். ஆகவே வானை எடுக்கும்போதே போத்தலை வாங்கிப் பாருங்கள். போமல்டிகைட், புரோனோபொல் என்று இருந்தால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுங்கள். செப்டிக் டாங்குக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட, என்சைம் அல்லது பக்டீரியா வகை மருந்து ஒரு போத்தல் கனடாவிலிருந்தே கொண்டுவரலாம். சிறுநீர் மட்டும்தான், இரண்டு மூன்று நாளில் காலி செய்துவிடுவோம் என்றால் மருந்தே தேவையில்லை. குளோரின், டெட்டோல், பினாயில் எதுவும் உள்ளே ஊற்றாதீர்கள்.

ஊற்றும்போது நடக்கும் தவறுகள் பெரும்பாலும் கடைசி ஐந்து நிமிடத்தில்தான். கெசெட்டை வெளிக்கதவால் இழுத்து எடுக்கும் முன் உள்ளே இருக்கும் தட்டு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். நிரம்பிய பெட்டி 20 கிலோவுக்கு மேல் இருக்கும். சில்லு இருந்தாலும் முற்றத்து மணலில் உருளாது, இரண்டு பேர் தூக்குங்கள். கையுறை போடுங்கள். இங்கே பல வீடுகளில் கழிப்பறை வீட்டுக்கு வெளியே, குந்தியிருக்கும் வகை. அந்தக் கோப்பை ஆழம் குறைவு, அவசரமாகக் கவிழ்த்தால் காலில் தெறிக்கும். குழாய் வாயைக் கோப்பைக்கு மிகக் கிட்டப் பிடித்து, காற்று விடும் பொத்தானைப் பெருவிரலால் அமர்த்திக்கொண்டே மெதுவாகச் சரித்தால் கொப்பளிக்காமல் ஒரே சீராக இறங்கும். பிறகு மூன்று நாலு லீற்றர் தண்ணீர் விட்டு, மூடி, குலுக்கி, திரும்ப அதே கோப்பைக்குள் ஊற்றுங்கள். கடைசியாகக் கோப்பையையும் தரையையும் கழுவி விடுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கெசெட்டைக் கிணற்றடிக்குக் கொண்டுபோகவே கூடாது. தண்ணீர் அங்கேதானே இருக்கிறது, துலாவோ மோட்டரோ அங்கேதானே இருக்கிறது என்று கை தன்னால் அங்கே போகும். கிணற்றுக் கட்டில் கழுவினால் அந்தத் தண்ணீர் வெடிப்பு வழியாக நேரே கிணற்றுக்குள் இறங்கும். வாளியில் தண்ணீரை மொண்டு கழிப்பறைக்குக் கொண்டுபோங்கள். அந்த வாளியும் வீட்டுக்காரரின் கிணற்று வாளியாக இருக்கக்கூடாது. கடையில் ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கி, கெசெட்டுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சில வான்களில் தண்ணீர் இல்லாத, மரத்தூள் போடும் கழிப்பறை இருக்கும். சிறுநீர் தனியாகப் பிரியும் வகை நல்லதுதான், ஆனால் மலம் சேரும் பையைக் குப்பைத் தொட்டிக்குள் போடாதீர்கள். அதை வெறுங்கையால் பிரிக்கும் தொழிலாளி ஒருவர் இருக்கிறார்.

பஸ் அளவு வண்டியில், நூறு இருநூறு லீற்றர் கழிவுத் தொட்டியோடு வருகிறவர்களுக்கு வேறு வழி வேண்டும். அவர்களுக்குக் கலி பவுசர்தான். மலக்குழி இறைக்கும் பவுசர் மாநகரசபை, நகரசபை, பிரதேசசபைகள் ஊடாகக் கிடைக்கும். வேலை நாளில் காலையில் நேரே அலுவலகத்துக்குப் போய், நிற்கும் இடத்தைச் சொல்லி, கட்டணம் கட்டிப் பதிய வேண்டும். உடனே வரும் என்று நம்பி இருக்காதீர்கள், முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள். தனியார் பவுசர்களும் ஓடுகின்றன. கூப்பிட்டால் கெதியாக வருவார்கள். அவர்களிடம் கட்டாயம் கேட்க வேண்டியது, ஏற்றியதை எங்கே கொண்டுபோய் இறக்குவார்கள் என்பது. தெளிவான பதில் வராவிட்டால் அந்தப் பவுசரை விட்டுவிடுங்கள். உங்கள் தொட்டி காலியாகும், அந்தக் கழிவு எங்கேயோ ஒரு வெளியில் இரவோடிரவாகத் திறந்துவிடப்படலாம்.

குளித்த, சாப்பாட்டுப் பாத்திரம் கழுவிய தண்ணீர் அவ்வளவு பயப்படத் தேவையில்லாதது. யாழ்ப்பாண வீடுகளில் குளிக்கும் தண்ணீரை வாய்க்காலால் வாழைக்கும் தென்னைக்கும் விடுவது எந்தக் காலத்திலிருந்தோ இருக்கும் பழக்கம். வீட்டுக்காரரைக் கேட்டு, கிணற்றுக்குத் தள்ளி இருக்கும் வாழைப் பாத்திக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம். சோற்றுப் பருக்கை, எண்ணெய் இல்லாமல் வடிகட்டிவிட்டு விடுங்கள். கறிச்சட்டியை முதலில் கடதாசியால் துடைத்துவிட்டுக் கழுவினால் தொட்டியும் மணக்காது. இரண்டு நாளுக்கு மேல் தேங்க விட்டால் அந்தத் தண்ணீரும் அழுகிவிடும், அப்புறம் அதைக் கழிப்பறைக்குள்தான் ஊற்ற வேண்டும்.

நல்ல தண்ணீர் நிரப்புவதிலும் ஊர் தெரிந்து நடக்க வேண்டும். தீவுப் பகுதிகளில் நல்ல தண்ணீர் பெரிய தட்டுப்பாடு. வேலணை, ஊர்காவற்றுறை, காரைநகர் பக்கம் பல கிணறுகள் உவர், குடிதண்ணீரைப் பவுசரில் எதிர்பார்த்து இருக்கும் குடும்பங்கள் உண்டு. அங்கே போய் எழுபது லீற்றர் டாங்கை நிரப்பித் தரச் சொல்லிக் கேட்பது சரியில்லை. கேட்டால் முகத்துக்காகத் தருவார்கள், அதனாலேயே கேட்கக்கூடாது. நகரத்தில் நிரப்பிக்கொண்டு தீவுக்குப் போங்கள். குடிக்க மட்டும் தனியாகச் சுத்திகரித்த தண்ணீர் வாங்கி வையுங்கள். தண்ணீர் டாங்குக்கு ஒரு ஹோஸ், கழிவு கழுவ வேறு ஹோஸ். நிறம் வேறாக இருந்தால் இருட்டிலும் மாறாது. சாட்டியிலும் கசூரினாவிலும் கடற்கரைக் கழிப்பிடங்களைப் பாவியுங்கள், ஆனால் கெசெட்டை அங்கே ஊற்றாதீர்கள். விடுமுறை நாளில் அங்கே வரும் சனம் அதிகம்.

ஆவணி மாதம் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறீர்கள் என்றால் வானைக் கோயிலுக்குக் கிட்டக் கொண்டுபோக முடியாது. 25 நாளும் சுற்று வீதிகள் வாகனங்களுக்கு மூடியிருக்கும், கெஸ்ட் ஹவுஸ்களும் முன்கூட்டியே நிரம்பிவிடும். கொக்குவில், திருநெல்வேலிப் பக்கம் தெரிந்தவர் வளவில் நிறுத்திவிட்டு நடந்தோ ஓட்டோவிலோ போங்கள். திருவிழாவுக்கு வரும் சனத்துக்காக வைக்கும் தற்காலிகக் கழிப்பிடங்களில் கெசெட் ஊற்றினால் அவை அரை நாளில் பாவிக்க முடியாமல் போகும்.

திரும்பும் நாளில், புறப்படுவதற்கு முந்தின மாலையே யாழ்ப்பாணத்தில் காலி செய்துவிட்டு, கெசெட்டுக்குள் ஒரு லீற்றர் தண்ணீர் மட்டும் விட்டு மூடுங்கள். கொழும்புக்குச் சுமார் 400 கிலோமீற்றர், வெயிலில் பாதி நிரம்பிய பெட்டியோடு அவ்வளவு தூரம் ஓடினால் காற்று அடைத்து, திறக்கும்போது சீறும். வானைத் திருப்பிக் கொடுக்கும்போது கெசெட் காலியாக இருக்க வேண்டுமா, அவர்களிடமே காலி செய்ய வசதி இருக்கிறதா என்பதை எடுக்கும் நாளிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே இரண்டாவது கெசெட் ஒன்று தருவார்களா என்றும் கேளுங்கள். காசு கொஞ்சம் கூடக் கேட்டாலும் எடுங்கள். அது வானில் இருந்தால் நல்ல இடம் கிடைக்கும் வரை பொறுத்திருக்கலாம்.